தௌக்யான் தூண்களில் நம் ஊர்க்காரர் பெயர்கள்

அன்பார்ந்த நேயர்களே, அனைவருக்கும் வணக்கம். யாங்கூனிலிருந்து பியே நகருக்குச் செல்லும் சாலையில், நம் தாத்தாமார் புரோம் ரோடு என்று சொல்லிவந்த அதே சாலையில், ஏறக்குறைய 35 கிலோமீட்டர் வந்தால் தௌக்யான் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதற்குள் நின்றுகொண்டுதான் இன்று உங்களோடு பேசுகிறேன். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் உயிர்விட்ட வீரர்களுக்கும், அவர்களைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருந்தவர்களுக்கும், பர்மாத் தமிழர்கள் சார்பில் நன்றி சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

அக்யாப், மாண்டலே, மெய்க்டிலா, சாமாவ் ஆகிய இடங்களில் போர்க்களத்தை ஒட்டி இருந்த இடுகாடுகளுக்குப் போய்வருவது கடினமாக இருந்ததால், அங்கிருந்த கல்லறைகளை 1951-ஆம் ஆண்டு முதல் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். இப்போது இந்தத் தோட்டத்தில் 6,374 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்; அவர்களில் 867 பேர் யார் என்றே தெரியவில்லை.

ஆனால் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது, நடுவில் நீண்டு நிற்கும் இந்தத் தூண் மண்டபத்தைத்தான். உடல் கிடைக்காமலே போன, கல்லறை என்று ஒன்று அமையாத ஏறக்குறைய 27,000 வீரர்களின் பெயர்களை இந்தத் தூண்களில் வெட்டியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்றைய பிரிட்டிஷ் ஆட்சியின் இந்தியப் படையைச் சேர்ந்தவர்கள். சற்று நெருங்கி வாருங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட், மெட்ராஸ் சேப்பர்கள் என்று படைப்பிரிவு வாரியாகப் பெயர்கள் வருகின்றன. எல்லாம் ஆங்கில எழுத்தில் இருப்பதால் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டே போனால் ஒன்றும் பிடிபடாது. விரலை வைத்து வாய்விட்டுப் படித்தால் முனுசாமி, கோவிந்தன், அந்தோணி, பெருமாள் என்று நம் தெருவில் கேட்கும் பெயர்களாகவே வருகின்றன. பாலம் அமைப்பதும், சாலை போடுவதும், கண்ணிவெடி அகற்றுவதும் சேப்பர்களின் வேலை. படை முன்னேற வேண்டுமானால் அதற்கு முன்பே அவர்கள் போய் வழி செய்திருக்க வேண்டும். இராணுவத்தில் அவர்களைத் ‘தம்பிகள்’ என்றே அழைத்தார்கள்.

இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயர், படை எண், இறந்த தேதி ஆகியவற்றுக்குக் கீழே, விவரம் கிடைத்த இடங்களில், இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர், இன்ன கிராமம், வட ஆற்காடு என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். தூணில் இடம்பெறாத அந்த மனைவியின் பெயர் அந்த ஒற்றை வரியில்தான் இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகிறது.

அவள் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ‘காணவில்லை, இறந்திருக்கக்கூடும்’ என்ற அளவில் ஒரு செய்தி வந்தால், பூவையும் பொட்டையும் எடுப்பதா, வேண்டாமா என்று எந்தப் பெரியவரால் அவளுக்குச் சொல்ல முடிந்திருக்கும்? கொள்ளி வைக்க உடல் இல்லை. இறந்த நாள் உறுதியாகத் தெரியாதபோது திதி கொடுக்கவும் வழியில்லை. திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தைப் பற்றிக்கொண்டு எத்தனை வீடுகள் ஆண்டுகளைக் கடத்தியிருக்கும்! களத்தில் நின்றவனுக்குப் பதக்கம் உண்டு, தூணில் பெயர் உண்டு. அவன் சம்பளத்திலிருந்து வந்துகொண்டிருந்த மணியார்டரும் நின்றுபோன பிறகு பிள்ளைகளை ஆளாக்கிய தாய்க்கு எந்த மண்டபமும் எழுப்பப்படவில்லை. நாம் சொல்லும் நன்றியில் பாதிக்கு மேல் அவர்களுக்குத்தான் சேர வேண்டும் என்பது என் துணிபு.

இன்னொன்றையும் சொல்லாமல் போவது நியாயமாகாது. 1944 ஜனவரியில் நேதாஜி தம் தலைமையகத்தை ரங்கூனுக்கு மாற்றியபோது, பிரிட்டிஷாரை எதிர்த்து ஜப்பானியர் பக்கம் நின்று போரிட்ட இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் சேர்ந்த தமிழர்கள் பலர் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். போர்முனையில் தமிழனுக்கு எதிரே தமிழன் நின்றிருக்கக்கூடும். அந்தப் படையில் மாண்டவர்களுக்கென்று இங்கே தூண் எதுவும் இல்லை. எந்தக் கொடியின் கீழ் நின்றார்கள் என்று பார்த்து என்னால் நன்றியைப் பங்கு போட முடியாது. அவர்களுடைய தாய்மாரும் இதே போலத்தான் வாசலைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

போரில் மாண்டவர்களை நினைவுகூரும் நவம்பர் மாதத்து நினைவு ஞாயிறன்று தூதரகத்தார் இங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். நம் கோயில்களில் மகாளய அமாவாசை வழிபாடு நடக்கும்போது, இந்தத் தூண்களிலுள்ள பெயர்களில் சிலவற்றையேனும் உரக்கப் படிக்கலாம் என்று நம் பெரியவர்களை இந்தக் காணொளி வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால், ஆணையத்தின் இணையதளத்தில் அவர் பெயரை இட்டுத் தேடுங்கள். ஆங்கிலத்தில் எழுத்து மாறியிருக்கலாம் என்பதால் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பாருங்கள். தூணின் எந்த முகப்பில் பெயர் இருக்கிறது என்ற எண்ணும் அதிலேயே கிடைக்கும். அந்த எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த முறை வரும்போது அந்தத் தூணின் முன்னால் நின்று, அவர் பெயரையும், பதிவேட்டில் இருந்தால் அவருடைய மனைவியின் பெயரையும் சேர்த்துப் படித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன்.