கருந்துளை ஒரு துளையன்று

நேயர்களுக்கு வணக்கம். வானியல் பேசுவதற்காகப் பள்ளிகளுக்குப் போகும்போதெல்லாம், அது தாராபுரமாக இருந்தாலும் சத்தியமங்கலமாக இருந்தாலும், பிள்ளைகள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கருந்துளைக்குள் விழுந்தால் அந்தப் பக்கம் எங்கே போய் வெளியே வருவோம்?" இப்படிக் கேட்க வைப்பது அதன் பெயர். துளை என்றால் ஒன்றுமில்லாத இடம் என்றே மனம் கொள்கிறது. கருந்துளையோ அளவுக்கு மீறி இறுகிப்போன பொருள்.

சிறுவயதில் அவிநாசிக்கு அருகே ஒரு ஜின்னிங் பேக்டரியில் பஞ்சு அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன். குவியலுக்குள் கையை விட்டால் முழங்கை வரை புதையும். அதே பஞ்சு இயந்திரத்தில் அழுத்துண்டு, பட்டை கட்டி, ஏறக்குறைய 170 கிலோ பேலாக வெளியே வந்தபின் விரல்நுனிகூட நுழையாது. ஆனால் எடை கூடவுமில்லை, குறையவுமில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, மேலே எறிந்த கல்லை நினைத்துப் பாருங்கள். வினாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகத்தில் எறிய முடிந்தால், காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, அது பூமிக்குத் திரும்பாது. பூமியின் நிறை மாறாமல் உருவத்தை மட்டும் சுருக்கிக்கொண்டே போனால், மேற்பரப்பு மையத்தை நெருங்க நெருங்க அங்கே ஈர்ப்பு வலுத்து, தப்பிக்கத் தேவையான வேகமும் ஏறிக்கொண்டே போகும். பூமி முழுவதும் ஒரு கோலிக்குண்டின் அளவுக்குள் ஒடுங்கும்போது, அந்த வேகம் வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டரை, அதாவது ஒளியின் வேகத்தை எட்டிவிடும். ஒளியே வெளியேற முடியாத அந்த வரம்புக்கு நிகழ்வெல்லை என்று பெயர். சூரியனை இப்படி ஒடுக்கினால் அந்த எல்லையின் ஆரம் 3 கிலோமீட்டர்.

பூமியும் சூரியனும் இப்படி ஒடுங்கப் போவதில்லை. அவற்றுக்கு அவ்வளவு நிறை கிடையாது. பெரிய விண்மீன்களின் கதை வேறு. எரியும் காலம் வரை உள்வெப்பத்தின் அழுத்தம் ஈர்ப்பைத் தாங்கி நிற்கிறது. எரிபொருள் தீர்ந்ததும் தாங்க ஆளில்லை. சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள எச்சம், அதாவது எரிந்து முடிந்தபின் மிஞ்சும் உட்பகுதி, வெண்குறுமீனாக, அதாவது பூமியளவுக்குச் சுருங்கி மெல்லக் குளிரும் விண்மீனாக நிலைக்க முடியாது என்பதை, 1930இல் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்திருந்த 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர். அந்தக் கணக்கை அன்று பெரியவர்கள் ஏற்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு வந்தது 1983இல். எச்சத்தின் நிறை இன்னும் கூடினால் ஒரு நகரத்தின் அளவுக்குள் ஒடுங்கிய நியூட்ரான் விண்மீனாகவும் நிற்காமல், அது கருந்துளையாகிறது.

கருந்துளை அக்கம்பக்கத்திலுள்ள எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும் என்ற அச்சமும் பலருக்கு உண்டு. பஞ்சு பேலை மறக்காதீர்கள். சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தால், வெளிச்சமும் வெப்பமும் போய்விடுமே தவிர, பூமி இப்போது சுற்றும் பாதையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மிக அருகே போகும் பொருளுக்குத்தான் ஆபத்து.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருப்பதை எப்படி அறிந்தார்கள்? நம் பால்வீதியின் நடுவில், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில் (ஒளி ஓராண்டில் கடக்கும் தூரமே ஓர் ஒளியாண்டு), எஸ்2 என்னும் விண்மீன் வெறுமையாகத் தோன்றும் ஓரிடத்தை 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. அந்தப் பாதையையும் வேகத்தையும் வைத்துக் கணக்கிட்டால், அங்கே 40 லட்சம் சூரியன்களின் நிறை இருந்தாக வேண்டும். பல்லாண்டுகள் பொறுமையாக இதைக் கண்காணித்த ரெயினார்டு கென்சலும் ஆண்ட்ரியா கெஸ்ஸும் 2020இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அங்கிருக்கும் கருந்துளையைச் சூழ்ந்து ஒளிரும் வாயு வளையத்தின் படம் 2022 மே மாதம் வெளியானது. நடுவில் இருண்டு தெரிவதே கருந்துளையின் நிழல்.

அந்தத் திசையை நீங்களே பார்க்கலாம். பங்குனியில் பால் கறக்க எழும் விடியற்காலை நேரத்தில், ஊர் விளக்குகளை விட்டுத் தள்ளித் தோட்டத்தில் நின்று தெற்குப் பக்கம் பாருங்கள். தேளின் கொடுக்காக வளையும் மூல நட்சத்திரத்துக்கும் அதையடுத்த தனுசுக்கும் இடையே, பால்வீதி வெண்புகைபோல் தடித்திருக்கும். அதற்குப் பின்னால்தான் அந்தக் கருந்துளை இருக்கிறது. வணக்கம்.