கிரகணத்தைக் காட்டி மதம் மாத்தலாமோ? வட்டுக்கோட்டையில நடந்த போட்டி

வணக்கம் உறவுகளே! சந்திரகிரகணத்தைக் கணிச்சுக் காட்டினால் சனம் சைவத்தை விட்டிடும் எண்டு ஒரு பாதிரியார் நம்பினவர். எங்கட வட்டுக்கோட்டையில, 1829இல.

பின்னணி ஒரே மூச்சில: 1816இல அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணம் வருது, 1823இல வட்டுக்கோட்டை செமினரி எண்டு இங்கிலீஷில படிப்பிக்கிற ஒரு உயர்பள்ளி. காணும், கிரகணத்துக்கு வாங்கோ.

அந்தப் பாதிரியார்தான் செமினரி அதிபர் டானியல் பூவர். இயற்கையும் கடவுள் எழுதின புத்தகம்தான் எண்டது அவையின்ர இறையியல். அதைச் சரியா வாசிக்கப் பழக்கினால் ராகு கேது பொய்யாகும், பிறகு புராணம், பிறகு சைவம். பக்கத்து அராலியில பஞ்சாங்கம் கணிச்சவர் விசுவநாத சாஸ்திரியார். அந்த மார்ச் மாதக் கிரகணத்துக்கு அவர் போட்ட நேரமும் அளவும் பிழை எண்டு பூவர் முன்கூட்டியே சொல்லிப்போட்டார். சனம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிக்குது. வெண்டது பூவர்!

சரி, கோயில் வெறிச்சோடிச்சோ? ம்ஹூம். எனக்குப் பிடிச்ச இடமே இதுதான். ராகு எப்ப வாய் திறப்பார் எண்டு சாஸ்திரியார் காத்துக்கொண்டா இருந்தவர்? அவரும் கணக்குத்தான் போட்டவர். பூவற்ர கணக்குப் புதுசு, அவ்வளவுதான். சனம் கணக்கை மட்டும் மாத்தத் தயார், கடவுளை இல்லை. செமினரியில படிச்ச சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பாருங்கோ: கிறிஸ்தவ வீட்டில பிறந்து, பிறகு சைவராகி, தொல்காப்பியமும் கலித்தொகையும் பதிப்பிச்சவர்!



கடைசியில பொறுமை போனது பொஸ்ரனில இருந்த மிஷன் தலைமையகத்துக்கு. செயலாளர் ரூபஸ் அன்டர்சன்ர இறையியல் வேற. மிஷனறிக்கு வேலை சுவிசேஷம் சொல்லுறது, நாகரிகம் படிப்பிக்கிறதில்லை. உள்ளூர்ச் சபை தன்ர காசில, தன்ர போதகரோட, தாய்மொழியில நடக்கவேணும். கேக்க நல்லாத்தான் இருக்கு, என்ன? ஆனால் 1855இல அவர் இங்க வந்து பார்த்தால், இங்கிலீஷ் படிச்ச பொடியள் போதகராகாமல் அரசாங்க உத்தியோகத்துக்கு ஓடுகினம். செமினரிக்குப் பூட்டு! தமிழில படி எண்டு வெள்ளைக்காரன் சொல்ல, இங்கிலீஷ்தான் வேணும் எண்டு நிண்டது நாங்கள். 1872இல அதே ஊரில யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது, இங்கிலீஷோட.

உங்கட பூட்டன்மார் ஆரும் செமினரியில படிச்சிருந்தால் கொமென்றில எழுதுங்கோ. வேதக்காரரோ சைவக்காரரோ எண்டு கேக்கமாட்டன்.