மூன்று சரணத்தில் ஒரு குடும்பம்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று ஒரே ஒரு பாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். அமெரிக்கத் தென்மாநிலங்களின் கன்ட்ரி இசையில் 'டைம் மார்ச்சஸ் ஆன்', அதாவது 'காலம் நடந்துகொண்டே இருக்கிறது' என்று ஒரு பாட்டு. எழுதியவர் பாபி பிராடக். 1996-ல் ட்ரேசி லாரன்ஸ் பாடி, அமெரிக்க இசை இதழான பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது.

வாழ்க்கை சீக்கிரம் ஓடிவிடும் என்று சொல்கிற பாட்டுகள் அந்த இசையில் ஏராளம். பலவற்றில் யாராவது ஒரு பெரியவர் நமக்குப் புத்தி சொல்வார். இதில் அது கிடையாது. ஒரு வீடு, நான்கு பேர், அவ்வளவுதான். யாருக்கும் பெயர்கூட இல்லை.

முதல் சரணத்தில் தங்கை தொட்டிலில் அழுகிறாள். அண்ணன் தலையில் இறகு செருகிக்கொண்டு ஓடிவருகிறான். அம்மா தையல் பழகுகிறாள். அப்பா பீர் குடித்தபடி ரேடியோ கேட்கிறார். அதில் பாடுவது அந்நாளைய கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ்.

அடுத்த சரணத்தில் தங்கை கன்னத்துக்கு ரூஜ் பூசுகிறாள். அண்ணன் மணிமாலை போட்டுக் கஞ்சா புகைக்கிறான். அம்மா வாயே திறப்பதில்லை. அப்பாவுக்கு வேறு ஊரில் ஒருத்தி. இப்போது பாடுவது அறுபதுகளின் பாடகர் பாப் டிலன்.

மூன்றாவதில் தங்கை பாட்டியாகிவிட்டாள். அண்ணனுக்குக் கொலஸ்ட்ரால், பத்தியம் இருக்கிறான். அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. அப்பா மேப்பிள் மரத்தடியில் மண்ணுக்குள்.

கவனித்தீர்களா, எந்த வருடம் என்று எங்கும் சொல்லவில்லை. கல்யாணம், சண்டை எதையும் விவரிக்கவில்லை. வருடங்களெல்லாம் சரணங்களுக்கு நடுவில் போய்விடுகின்றன. நீண்ட நாள் கழித்து ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம். கூடத்தில் ஓடித் திரிந்த பொடியன் மீசையோடு வந்து தண்ணீர் கொடுக்கிறான். நமக்கு ஒரு திடுக்கிடல் வருமே, அதைத்தான் பிராடக் பிடித்துவிட்டார்.

முதல் சரணத்து ரேடியோவுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அதில் ஹாங்க் வில்லியம்ஸ் பாடும் பாட்டுகளில் ஒன்று 'காலைஜா'. மரத்தில் செதுக்கிய ஒரு செவ்விந்திய வீரன் சிலை, பழம்பொருள் கடையில் இருக்கும் பெண் சிலை மீது ஆசைப்படுகிறது. மரம்தானே, வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. ஒரு பணக்காரர் அவளை விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். வீட்டில் ஒரு பையன் செவ்விந்தியர் போலத் தலையில் இறகோடு ஓடும்போது ரேடியோவில் இந்தப் பாட்டு. எவ்வளவு நுணுக்கம் பாருங்கள்!

இன்னும் இருக்கிறது. ஹாங்க் வில்லியம்ஸ் இதை நாஷ்வில்லில் பதிவு செய்தது 1952 செப்டம்பரில். புத்தாண்டு அன்று ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் நகரில் அவருக்குக் கச்சேரி. வானிலை மோசம், விமானத்தில் போக வழியில்லை. கேடிலாக் காரின் பின்சீட்டில் படுத்தபடி போனார். வழியில், மேற்கு வர்ஜீனியாவின் ஓக் ஹில்லில் ஓட்டுநர் வண்டியை நிறுத்திப் பார்த்தால் உயிர் இல்லை. 1953 ஜனவரி 1. வயது 29. கான்டனில் டிக்கெட் வாங்கிக் காத்திருந்தவர்களுக்கு மேடையில்தான் செய்தி சொன்னார்கள். கூட இருந்த கலைஞர்கள் அவருடைய பக்திப் பாட்டு ஒன்றைப் பாட, கூட்டமும் சேர்ந்து பாடியது.

'காலைஜா' இசைத்தட்டு வெளிவந்தது அதற்குப் பிறகு, அந்த ஜனவரியில்தான். அப்படியானால் பீர் குடித்தபடி அப்பா கேட்பது யார் குரல்? ஏற்கெனவே இறந்துபோனவர் குரல். குழந்தை தொட்டிலில் இருக்கும் சரணத்திலேயே சாவு வீட்டுக்குள் வந்துவிட்டது. அப்பாவுக்கு அது தெரிந்திருக்கும், ஆனாலும் வீட்டு வேலை அதுபாட்டுக்கு நடக்கிறது. கடைசிச் சரணத்தில் அப்பாவுக்காகத் தேவதைகள் பாடுவதும் ஒரு பழைய ஹாங்க் வில்லியம்ஸ் பாட்டுத்தான்.

அப்புறம் கன்ட்ரி இசையில் கம்பிமேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார் பற்றிச் சொல்ல இருந்தேன். பிராடக், கர்லி புட்மனோடு சேர்ந்து எழுதி 1980-ல் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிய 'ஹி ஸ்டாப்டு லவ்விங் ஹர் டுடே' பாட்டு பற்றியும் நிறையச் சொல்ல வேண்டும். சாகும் நாள்வரை ஒருத்தியை மறக்காதவன் கதை அது. வானொலி நிலையத்தார் கைகாட்டுகிறார்கள், ஒரு நிமிடம்கூட இல்லை. சரி, ஜோன்ஸ் பாட்டைத் தேடிக் கேளுங்கள், முதல் வரியிலிருந்தே கேளுங்கள். வணக்கம்.