எந்தக் கருவியிலும் திறக்கும் புத்தகம்

சபையோருக்கு வணக்கம்.

மின்னூல் வாசிக்க எதை வாங்கலாம் என்று இந்த வாசிகசாலைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். 2007இல் அமேசான் கிண்டில் என்ற மின்னூல் வாசிப்புக் கருவியை வெளியிட்ட காலத்தில் தெரிவுகள் குறைவு. இன்றைக்குக் கிண்டில், கோபோ, டேப்லெட், போன் என்று நிறைய வந்துவிட்டன. மணிக்கணக்கில் நாவல் வாசிப்பவர்களுக்குக் கிண்டில், கோபோ போன்றவற்றில் வரும், காகிதம் போலத் தெரியும் மின்தாள் திரை நல்லது. வெயிலிலும் எழுத்துத் தெரியும், ஒருமுறை சார்ஜ் போட்டால் பல நாள் நிற்கும். மற்றவர்களுக்குக் கையில் இருக்கும் போனே போதும்.

சரி, கருவியை விடுவோம். வாங்கிய புத்தகம் உங்களிடமே இருக்குமா என்று பாருங்கள். 2009இல் அமேசான் தான் விற்ற இரண்டு நாவல்களை வாசகர்களின் கிண்டில்களில் இருந்து அழித்தது. பதிப்புரிமைச் சிக்கல் என்றார்கள், பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனாலும் புத்தகம் போனது போனதுதான். அதனால்தான் நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போடாத ஈபப் (EPUB) வகை மின்னூல் கோப்பை நான் வற்புறுத்துகிறேன். அது எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. போனிலும் கோபோவிலும் திறக்கும், 2022 முதல் கிண்டிலுக்கும் அனுப்பலாம். கண் மங்கிய அம்மம்மாவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்பத் தாமே மடங்கிக்கொள்ளும்.

தமிழில் இந்த வேலை புதிதல்ல. மதுரைத் திட்டம் 1998இலேயே தன்னார்வலர்களைக் கொண்டு இலக்கியங்களைத் தட்டச்சு செய்யத் தொடங்கியது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் ஸ்கான் செய்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. 1981இல் நமது யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களை எரியக் கொடுத்தவர்கள் நாங்கள். ஒரு பிரதி பல இடங்களில் இருப்பதன் அருமை நமக்குத் தெரியாதா?

ஆனால் ஸ்கான் செய்த பக்கம் வெறும் படம். சிறிய போன் திரையில் அதை இழுத்து இழுத்துத்தான் வாசிக்க வேண்டும், பார்வையற்றவரின் போன் அதை அப்படியே வாசித்துக் காட்டாது. படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள்கள் தமிழுக்கும் உண்டு. பழைய அச்சில் வேறு வடிவில் வரும் ணை, னை, றா போன்ற எழுத்துகளில் அவை தடுமாறும். கால் எது, ரகரம் எது என்றும் குழம்பும். அங்கே மனிதக் கண் வேண்டும்.

அந்தப் பழைய எழுத்துகளில் படித்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். தட்டச்சுத் தெரிந்த பெடியளும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஆசிரியர் இறந்து 70 ஆண்டு ஆகாத நூலென்றால் முதலில் உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி கேட்போம். அநேகமாகக் குடும்பத்தார்தான், தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். ஊர்ப் பாடசாலைகளின் பழைய மலர்களில் தொடங்கலாம் என்பது என் எண்ணம். வீட்டு அலுமாரியில் அப்படி ஏதும் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.