ஐஸ் கட்டி எங்கே இருக்கிறது?

[காட்சி: செம்பனைத் தோட்டம், நண்பகல்]

வணக்கம், மருத்துவமனை அவசரப் பிரிவு நண்பர்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், குலை வெட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி சுருண்டு விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது. மேலெல்லாம் வேர்வை. வேர்க்கிறதே, அதனால் இது ஹீட் ஸ்ட்ரோக் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். வேலை செய்யும்போது தாக்குகிற வெப்பத்தில் வேர்வை நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உள் உடம்பின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, புத்தியும் தடுமாறினால் அதுதான் ஹீட் ஸ்ட்ரோக்.

இன்னொன்று. இன்று நம் தோட்டங்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியர்களும் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். விழுந்தவர் பதில் சொல்லாவிட்டால் "மொழி தெரியவில்லை" என்று நினைத்துவிடுவோம், புத்தி தடுமாறுவதைக் கவனிக்க மாட்டோம். அவர் மொழி தெரிந்த ஒரு கூட்டாளியையும் ஆம்புலன்ஸில் கூடவே ஏற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

[காட்சி: அவசரப் பிரிவு, கீழே விரித்த தார்ப்பாய்]

சரி, மருத்துவமனையில் என்ன தயாராக இருக்க வேண்டும்? முதலில் ஐஸ். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். தண்ணீர் தெளித்து விசிறி போட்டால் அது ஆவியாகவே நேரம் பிடிக்கும், உடம்பு சீக்கிரம் குளிராது. அதனால் குளிர்ந்த தண்ணீரில் உடம்பை அமிழ்த்துவதுதான் வேகமான வழி. பெரிய தொட்டி இல்லையா? ஒரு தார்ப்பாய் போதும். நாலைந்து பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடிக்க, நடுவில் நோயாளி, மேலே தண்ணீரும் ஐஸும். தலை மட்டும் தண்ணீருக்கு மேலே. ஒருவர் மூச்சையே கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்க வேண்டும், 39 டிகிரிக்கு வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும்.

அக்குளில் வைக்கிற தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், குறைத்துக் காட்டும். ஆசனவாயில் வைத்து அளக்கிற கருவி அவசரப் பிரிவிலேயே இருக்கட்டும். பாரசிட்டமால் இங்கே உதவாது, இது கிருமியால் வருகிற காய்ச்சல் இல்லை. சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள், அது குறைந்தாலும் ஆள் இப்படித்தான் உளறுவார்.

இதையெல்லாம் எப்போது எடுத்து வைப்பது? தொடர்ந்து மூன்று நாள் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தொட்டாலே வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுகிறது. அன்று காலையிலேயே ஐஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். தார்ப்பாய் எந்த அலமாரியில் இருக்கிறது என்று இரவு ஷிப்டுக்கும் தெரிய வேண்டும்.

தோட்டத்து மண்டோர்களிடமும், அதாவது வேலையை மேற்பார்க்கிறவர்களிடமும், பேசி வையுங்கள். 999-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காமல் நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். மயங்கியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

[காட்சி: சிறுநீர்ப் பை, அருகே ஒரு கோப்பை கோப்பி ஓ, அதாவது பால் கலக்காத காப்பி]

வெப்பம் இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். சிறுநீர் கோப்பி ஓ நிறத்தில் வந்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தாலும், இங்கேயே குளிர வைத்துவிட்டு அப்புறம் அனுப்புங்கள்.