9 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம்

அவைத்தலைவர் ஐயா அவர்களே, கூடத்தைத் திறந்துகொடுத்த நூலகர் அம்மையார் அவர்களே, தம் நேரத்தோடு என் நேரத்திலும் பத்து நிமிடம் எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, பொன்னாடை போர்த்திய வாசகர் வட்டச் செயலாளர் தம்பிக்கும், இடமில்லாமல் பின்னால் நிற்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம். ஊராட்சித் தலைவர் வந்துகொண்டே இருப்பதாகச் சொன்னார்கள். அவருக்கும் வணக்கத்தைச் சொல்லி வைக்கிறேன்.

அடிமைக் காலத்துத் திகில் நாவல் எழுதுவது எப்படி என்பது தலைப்பு. வீடு, சட்டம், பேய் என்று மூன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் வீடு. சுவருக்கும் காது உண்டு என்பார்கள் நம்மூரில். அமெரிக்காவில், வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில், ஒரு சுவருக்குக் கண்ணும் இருந்தது.

ஹேரியட் ஜேக்கப்ஸ் 1813-ல் அங்கே அடிமையாகப் பிறந்தவர். சட்டப்படி அவர் ஒரு சிறுமியின் சொத்து. ஆட்டிவைத்தவரோ அவளுடைய அப்பா, ஜேம்ஸ் நார்காம் என்ற மருத்துவர். அடிமையாகப் பிறக்காத ஒரு கறுப்பினத் தச்சரை ஹேரியட் விரும்பினார். காசு கொடுத்து மீட்டுக் கட்டிக்கொள்கிறேன் என்றார் தச்சர். மருத்துவர் விடவில்லை. சுந்தரர் மணப்பந்தலில் கிழவர் ‘இவன் என் அடிமை’ என்ற ஆளோலையை நீட்டியதும் கல்யாணம் நின்றதே, நினைவிருக்கிறதா? அங்கே ஓலையோடு வந்தவர் சிவபெருமான். இங்கே வெறும் மனுஷன்!

1835-ல் ஹேரியட் தலைமறைவானார். 100 டாலர் தருவதாக மருத்துவர் விளம்பரம் கொடுத்தார். உயரம் 5 அடி 4 அங்குலம் என்று அதிலேயே போட்டிருக்கிறது. அவர் ஒளிந்ததோ பாட்டி வீட்டை ஒட்டிய சாமான் கொட்டகையின் பரணில். நீளம் 9 அடி, அகலம் 7 அடி, சரிவுக் கூரையின் உச்சியில் உயரம் 3 அடி. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கதாநாயகி அங்கே எழுந்து நின்று பெருமூச்சு விட முடியாது. ஊர்ந்து ஊர்ந்துதான் கைகால் அசைக்க வேண்டும். கீழே அலமாரிக்குள் திறக்கும் ரகசியக் கதவைச் செய்தவர் தச்சுத் தெரிந்த தாய்மாமன். அவர் கூரையில் விட்டுப்போன தமரூசி, அதாவது தச்சர் துளைபோடும் திருகூசி, இருட்டில் ஹேரியட்டின் கையில் தட்டுப்பட்டது. மூன்று வரிசையாகத் துளை போட்டு, இடைப்பட்ட மரத்தையும் குடைந்தெடுத்து, ஓர் அங்குலச் சதுர ஓட்டை செய்தார். தம் பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று கண்ணை வைத்தால், தெருவில் முதலில் கண்ட தெரிந்த முகம் யாருடையது? அதே மருத்துவர்! (கைதட்டல்)

ஊசிமுனை அளவு செம்பூச்சிகள் தோலைத் துளைத்தன. கோடையில் மெல்லிய கூரைப்பலகையிலிருந்து டர்பன்டைன் தலையில் சொட்டியது; பனிக்காலத்தில் கால் மரத்தது, நாக்கு விறைத்துப் பேச்சே போனது. அப்படியும் அம்மா விட்டாளா? ஒரு நியூயார்க் செய்தித்தாளின் துண்டிலிருந்து தெருப்பெயர்களைப் பொறுக்கி, தாம் அங்கே இருப்பதுபோல் கடிதம் எழுதி, கப்பல்காரர் மூலம் அங்கிருந்தே அஞ்சலில் போட வைத்தார். மருத்துவர் கடிதத்தோடு பாட்டியிடம் ஓடிவந்து, வாசகத்தை மாற்றி, தமக்குச் சாதகமாக வாசித்துக் காட்டினார். எழுதியவளோ கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சுவருக்கும் காது உண்டு ஐயா! இப்படியே ஏறத்தாழ ஏழு வருடம். 1842-ல் கப்பலேறித் தப்பினார்.

அடுத்தது சட்டம், சுருக்கமாக. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று 1662-லேயே வர்ஜீனியாவில் சட்டம் போட்டுவிட்டார்கள். எசமானுக்குப் பிறந்த பிள்ளையும் எசமானின் சொத்துக் கணக்கில்தான் ஏறும். 1855-ல் மிசூரியில் சீலியா என்ற அடிமைப் பெண், தன்னைப் பலமுறை வன்புணர்ந்த எசமானைக் கொன்றாள். மானம் காக்கப் பெண்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு அவளுக்குச் செல்லாது என்று நீதிமன்றம் ஒதுக்கித் தூக்கில் போட்டது. நிலவொளியில் எசமானும் அடிமைப் பெண்ணும் கைகோத்து நிற்கும் அத்தியாயம் இங்கேதான் இடறி விழுகிறது. மறுக்க முடியாதவளின் சம்மதத்துக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? ஹேரியட் ஒரு வெள்ளைக்கார வழக்கறிஞருக்கு இரண்டு பிள்ளைகள் பெற்றார். மருத்துவரிடமிருந்து தப்பத் தாம் போட்ட கணக்கு அதில் இருந்ததை மழுப்பாமல் எழுதினார். அந்த மழுப்பாமைதான் எழுத்தாளருக்குப் பாடம்.

பேய்க்கு வருவதற்குள் துண்டுச்சீட்டு வந்துவிட்டது. பேராசிரியர் அவர்களே, பேயை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று. ஹேரியட் 1861-ல் புனைபெயரில் வெளியிட்ட தன்வரலாற்றை வெகுகாலம் நாவல் என்றே பலர் தள்ளினார்கள். 1980-களில் ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர் கடிதங்களையும் ஆவணங்களையும் ஒப்பிட்டு, அத்தனையும் நடந்ததே என்று நிறுவினார். இந்த மாதிரி அடிமைகளே எழுதிய வரலாறுகள் நல்ல தமிழில், பரணின் வரைபடமும் அந்த 100 டாலர் விளம்பரமும் சேர்த்து, ஒவ்வொரு கிளை நூலகத்திலும் இருக்க வேண்டும். திகில் நாவல்களுக்கு நான்கு அலமாரி இருக்கிறதே, இதற்கு ஒரு தட்டாவது ஒதுக்கக் கூடாதா? நூலகர் அம்மையார் சிரிக்கிறார். சுவருக்கும் காது உண்டு, மேலிடத்துக்குக் கேட்கட்டும். வாசலோர மேசையில் விண்ணப்பம் இருக்கிறது. கையெழுத்தோடு ஊர்ப்பெயரையும் எழுதுங்கள்; பேனாவை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள்.