அல்வா ஊரில் கோதுமை தொடாத பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம், பாளையங்கோட்டையில் இருந்து பேசுகிறேன். கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்கிற புரதத்தை நிறுத்திவிட்டால் பிள்ளை என்னதான் சாப்பிடும், எடை எப்படிக் கூடும் என்று நிறைய அம்மாக்கள் கேட்டிருந்தீர்கள். என் மகளுக்கு 9 வயது, சீலியாக் நோய் என்று தெரிந்து 2 வருஷம் ஆகிறது. கோதுமை, பார்லி, ரை என்கிற தானியம் மூன்றிலும் இருக்கிற குளூட்டன் உள்ளே போனால் அவள் உடம்பின் எதிர்ப்புசக்தியே சிறுகுடலைத் தாக்கும், சத்தை உறிஞ்சுகிற இடம் தேய்ந்துபோகும். அதனால்தான் "ஒரு துண்டு அல்வாதானே, பிள்ளைக்குக் குடுத்தா என்ன" என்று ஆச்சியே கேட்டாலும் முடியாது என்கிறேன். நம்ம ஊர் அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது, அதில் துண்டுக் கணக்கெல்லாம் கிடையாது.

பிள்ளைக்கு சீலியாக் இருக்குமோ என்று சந்தேகம் இருக்கிறவர்கள் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரத்தம் எடுத்தால்தான் பரிசோதனையில் சரியாகத் தெரியும்.

சரி, நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்கிறேன். பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட், மால்ட் (முளைகட்டிய பார்லி) கலந்த சத்துப் பானம் எல்லாவற்றையும் நிறுத்தி, கேழ்வரகு மட்டும் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், ஆனாலும் பிள்ளைக்கு மறுபடி வயிறு உப்பியது, சாயங்காலம் ஆனால் சுருண்டு படுத்துவிடுவாள். என்ன ஏது என்று புரியாமல் ஒருநாள் மாவு மில்லில் நின்று பார்க்கிறேன், எனக்கு முன்னால் ஒரு அக்கா சப்பாத்திக்குக் கோதுமை அரைத்துவிட்டுப் போகிறார், என் கேழ்வரகு விழ ஆரம்பித்ததும் முதல் இரண்டு கை மாவு வெளுப்பாக வருகிறது, அப்புறம்தான் நிறம் மாறுகிறது. அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. மில்காரர் மேல் தப்பில்லை, மெஷின் அப்படித்தான். இப்போது கேழ்வரகைக் கழுவி மாடியில் காயவைத்து மிக்சியிலேயே அரைக்கிறேன், சலிக்கிற அரிப்பும் அவளுக்குத் தனி. பெருங்காயத்தையும் பாருங்கள், கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்த்திருப்பார்கள், சாம்பார் வழியாகத் தினமும் உள்ளே போகும்.

கடையில் குளூட்டன் இல்லை என்று எழுதி விற்கிற பிஸ்கட்டைத் தேடி ஓடவும் வேண்டாம். அப்படி எழுத, ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று விதி உண்டு, அதனால் குடல் தப்பும். ஆனால் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தால் பல பிஸ்கட்டில் ஸ்டார்ச்சும் சர்க்கரையும்தான், நார்ச்சத்து ரொம்பக் குறைவாக இருக்கும். நம்ம வீட்டுச் சமையல் முக்கால்வாசி குளூட்டன் இல்லாததுதானே? இட்லி, சொதிச் சோறு, கூட்டாஞ்சோறு, கம்பங்கூழ், சீசனுக்குப் பனங்கிழங்கு. வெறும் வெள்ளைச் சோற்றோடு நிறுத்திவிடாமல் பயறு, முட்டை, மீன், முருங்கைக்கீரை சேர்க்க வேண்டும், இந்தப் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்தும் கால்சியமும்தான் முதலில் குறையும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் தோல் உளுந்தில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டுவேன், கையில் ஒட்டாமல் உருண்டு வருகிற பதத்தில் எடுத்தால் அவள் அல்வாவைக் கேட்பதே இல்லை.

அப்புறம் ஓட்டமும் ஆட்டமும். ரத்தம் குறைவாக இருந்த நாட்களில் மாடிப்படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்கும், அப்போது நான் விரட்டவில்லை, சாயங்காலம் தெருமுனை வரை நடந்ததோடு சரி. ரத்தம் கூடின பிறகுதான் விளையாட்டு. 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிஷம் உடம்பு அசைய வேண்டும், அதில் வாரம் 3 நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வேலை இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குறுக்குத்துறையில் அவள் அப்பா நீச்சல் பழக்குகிறார், மூச்சுக்கும் தசைக்கும் அது நல்லது, ஆனால் எலும்பு உறுதிப்பட உடம்பின் பாரம் காலில் விழுந்து குதிக்க வேண்டும். ஸ்கிப்பிங், நொண்டி, பாண்டி ஆட்டம் இதெல்லாம் அதுதான். கயிறு வாங்கிய புதிதில் 6 குதித்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். நேற்று மாடியில் ஆச்சி எண்ண எண்ண 64 வரை போனாள், 65-இல் கயிறு காலில் சிக்கியதும் "ஆச்சி, முதல்ல இருந்து எண்ணுங்க" என்கிறாள்.

சரி மக்களே, உளுந்து ஊறிக் கிடக்கிறது, அரைக்கப் போகணும். பிறந்தநாள் வீட்டுக்குப் போகும்போது என்ன கட்டிக் கொடுக்கிறேன் என்பதை அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.